ஓட்டை விழாத தோல்

எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மகன் ரொட்டி மாவைக் குத்திப் பிசைந்த சத்தம் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில், முனியாண்டி சாமிக்கு வெட்டிய ஆட்டை அப்பா முஷ்டியால் குத்திக் குத்தித்தான் உரிப்பார். கத்தி பட்டு ஓட்டை விழுந்தால், கோயில் பேரில் கொடுக்கும் அந்தத் தோலை, தோல் பதனிடும் ஆலைக்காரர்கள் எடுக்கமாட்டார்கள். அந்த வருடம், தோல் கெடாமல் இருக்கத் தேய்க்க வைத்திருந்த கல்லுப்பில் ஒரு பிடியை அம்மா குழம்புக்கு எடுத்துவிட்டார்.

"சாமி உப்பு ஒனக்கு ருசி கேக்குதோ?" என்று அப்பா அம்மாவின் வாயிலேயே குத்தினார்.

அம்மா ரத்தத்தைத் துப்பிவிட்டு, கத்தியை எடுத்துத் தோலைக் கழுத்திலிருந்து வால்வரை கிழித்தார்.

"ஏன் கிழிஞ்சிச்சுன்னு கோயில்ல கேப்பாங்க. சொல்லுங்க."

மறுநாள் ஆலை லொறி எங்கள் தோல் இல்லாமல் போனது. அம்மா வீங்கிய வாயோடு கொழுந்து பறிக்கப் போனார்.