தாண்டிருச்சு

அந்த மூன்று நாளும் எங்கள் கம்பெனியில் புயலுக்கு நான்தான் சொந்தக்காரி மாதிரி இருந்தேன். திருப்பூர் பக்கம் முதலிபாளையத்தில் பனியன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி அது. நான் மெர்ச்சண்டைசர், ஆர்டர் வாங்குவதிலிருந்து சரக்கு கப்பலேறும்வரை பார்ப்பது என் வேலை. தூத்துக்குடியில் எங்கள் சரக்கு கப்பலுக்குக் காத்துக் கிடந்ததால், வானிலை அறிக்கையைப் படித்துச் சொல்லும் வேலையை மேனேஜர் என்னிடம் விட்டிருந்தார். தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்று அது படிப்படியாக வலுத்தது. என் குரலும் அதோடு ஏறியது. செல்போனில் வந்த படத்தில் வெள்ளைச் சுழலுக்கு நடுவே இருந்த ஓட்டையைப் பேனா முனையால் தொட்டு, இதுதான் புயலோட கண் என்று கட்டிங் மாஸ்டருக்குக் காட்டினேன். "நாங்கெல்லாம் உன்னையக் கண்ணுன்னு கூப்பிடறோம், நீ இதையும் கண்ணுங்கறயே" என்று அவர் சிரித்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். சாயப்பட்டறைத் தண்ணீரில் நின்று கால் வெந்துபோன அப்பாவும், ஐந்தாவதோடு நின்ற அக்காவும், அச்சில் எதைப் பார்த்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. மறைத்ததில்லை.

சரக்கைவிட எனக்கு அக்காதான் கவலை. திருப்பூருக்குத் தைக்க வந்த வேதாரண்யத்துப் பக்கத்து ஆளைக் கட்டிக்கொண்டு அவருடைய ஊருக்கே போய்விட்டாள். ஓட்டு வீடு. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பு மட்டும். தோப்பில் ஒரு கொட்டகை, அதில் ஒரு சினை மாடு.

முந்தின நாள் மதியம் அக்காவைக் கூப்பிட்டு அறிக்கையை வரிவரியாகச் சொன்னேன். கடல் எழும்பி ஊருக்குள் ஆள் உயரத்துக்கு வரலாம், ஓடுகளும் தகரங்களும் பறக்கும், தென்னை முறியும், கம்பங்கள் சாயும், மாடுகளை அவிழ்த்துவிட வேண்டும். பின்னால் மச்சானின் குரல் கேட்டது. "கடல் என்னா உன் தங்கச்சி கம்பெனிக்கு லெட்டர் போட்டுட்டா வருது? நாங்க பாக்காத காத்தா?" நான் விடவில்லை. போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் இருவரும் பள்ளிக்கூடத்து மாடிக்குப் போனார்கள். மாட்டை மட்டும் அவர் அவிழ்க்கவில்லை. சினை மாடு மிரண்டு ஓடிவிடும் என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அடிக்க ஆரம்பித்தது. அக்கா அவ்வப்போது கூப்பிட்டாள். பேச்சு பாதிதான் கேட்டது, மீதியெல்லாம் இரைச்சல். பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டுக் கூரை அப்படியே மேலே எழும்பி, காற்றிலேயே கிழிந்து, நாலு துண்டாகத் தெருவில் விழுந்ததாம். மாடி ஜன்னல் கதவுகள் பிடுங்கிக்கொண்டு போய்விட்டனவாம். நாற்பது ஐம்பது பேர் பெஞ்சுகளுக்கு அடியில் படுத்திருந்தார்களாம். வடக்கேயிருந்து அடிக்கிறது என்றாள், தண்ணீர் ஊசி மாதிரி குத்துகிறது என்றாள்.

பத்தரை மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை குரல் தெளிவாக இருந்தது.

"கண்ணு, காத்து டக்குனு நின்னுபோச்சு. வெயில் கூட அடிக்குது. மாட்டைப் பாத்துட்டு வந்தர்றேன்னு நிக்கறாரு. டிவில என்ன போட்டிருக்காங்க, முடிஞ்சுதா?"

கேன்டீன் டிவிக்குக் கீழே நின்றிருந்தேன். திரையின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. 'கரையைக் கடந்தது' என்பது வரை வந்திருந்தது. மேனேஜரும் கட்டிங் மாஸ்டரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தொழிலில் கடப்பது என்றால் தாண்டுவது. லாரி செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டது என்றால் அதற்குமேல் தலைவலி இல்லை.

"தாண்டிருச்சுக்கா. போகச் சொல்லு" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் மீதி எழுத்து ஓடி வந்தது. 'புயலின் முன்பகுதி. கண் பகுதி கடந்துவருகிறது. ஓய்வைக் கண்டு மக்கள் வெளியே வர வேண்டாம்.'

மூன்று நாளாகப் பேனாவால் தொட்டுக் காட்டிய ஓட்டை. அதன் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. அது தலைக்கு மேல் வந்து நிற்கும்போது வெயிலடிக்கும் என்பதும், அது நகர்ந்ததும் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னும் கோபமாக வரும் என்பதும் தெரியாது. அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. நான் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன்.

திரும்பத் திரும்பப் போன் அடித்தேன். ஏழாவது தடவை எடுத்தாள். மச்சானைக் கூப்பிடு, புயல் இன்னும் முடியவில்லை, காற்று திரும்பி வரும் என்று கத்தினேன்.

"அவரு அப்பவே எறங்கிப் போயிட்டாரே" என்றாள்.

அதற்குப் பிறகு கேட்டதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மெஷின் செக்‌ஷனில் ஐம்பது மெஷின் ஒன்றாக ஓடும் சத்தம் எனக்குப் பழக்கம். இது அப்படியில்லை. மாட்டை அறுக்கும்போது வருமே, அப்படி ஒரு ஓலம், நிற்காமல். கண்ணாடி நொறுங்கியது. குழந்தைகள் வீறிட்டன. அக்கா தன் புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்குமுன் அவள் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. லைன் அறுந்தது. தூத்துக்குடிக்கு ஏதாவது ஆகுமா என்று மேனேஜர் கேட்டார். ஒன்றும் ஆகாதுங்க என்று என் வாய் சொன்னது.

இரண்டு நாள் எந்தச் செய்தியும் இல்லை. மூன்றாம் நாள் அப்பாவும் நானும் தஞ்சாவூர்வரை பஸ்ஸிலும், பிறகு அரிசி ஏற்றிய லாரியிலும் போனோம். வழியெல்லாம் தென்னைகள் ஒரே பக்கமாகத் தலைமுறிந்து கிடந்தன. கடல் ஊருக்குள் கொண்டுவந்து கொட்டிய கறுப்புச் சேறு முழங்கால்வரை நின்றது. அதில் ஆடுகள் ஊதிக் கிடந்தன. அக்கா வீட்டில் சுவர் மட்டும் இருந்தது. கொட்டகை இருந்த இடத்தில் மாடு கயிற்றோடு செத்துக் கிடந்தது. இருவரும் ஆஸ்பத்திரியில் இருப்பதாக அங்கே நின்றவர்கள் சொன்னார்கள்.

மச்சான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே தெற்கேயிருந்து அடித்திருக்கிறது. தென்னை ஒன்று அவர் காலின்மேல் விழுந்தது. கூடவே கடல் வந்தது. தண்ணீர் கழுத்துவரை ஏறி இறங்கும்வரை அவர் மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். சாயங்காலம் அக்காவும் இன்னும் மூன்று பேரும் மரத்தை அரிவாளால் வெட்டி எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் நாங்கள் பார்த்தபோது இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள்.

வார்டில் அப்பா பக்கத்துக் கட்டில்காரரிடம் பேச ஆரம்பித்தார். "எஞ் சின்னப்புள்ள முந்தின நாளே சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குப் போக வெச்சாளுங்க. இல்லீன்னா ரெண்டு உசுரும் போயிருக்கும். படிச்ச புள்ளைங்க." அவர் என்னைத் தொட்டுக் காட்டினார். அக்கா குனிந்து கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்தரை மணிப் போனைப் பற்றி இருவரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

இன்னொரு கட்டிலுக்குப் போய் அப்பா அதையே மறுபடி தொடங்கினார்.

"அப்பா, வெளிய போகச் சொன்னதும் நான்தான்" என்றேன்.

டிவியில் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று சேர்த்துச் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அக்காவின் கை என் கன்னத்தில் விழுந்தது. தலை சுவரில் மோதிக் காது அடைத்தது. அவள் மறுபடி அடித்தாள், மூன்றாவது முறையும். நர்ஸ் ஓடிவந்து இழுக்கும்வரை நிறுத்தவில்லை.

"தெரியலக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல கண்ணு" என்றாள்.

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வெளியே நடந்தார். நான் போகவில்லை. உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது. மச்சான் தண்ணீர் கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. டம்ளரை நான்தான் எடுத்தேன். அக்கா அதை என் கையிலிருந்து பிடுங்கி அவளே கொடுத்தாள்.