புளிப் பாட்டு

எங்கள் பேண்டுக்குப் பெயர் கிடையாது. மூன்று பேருக்கும் மூன்று பெயர் பிடித்திருந்ததால் ஒன்றும் வைக்கவில்லை. கெலிஓயாவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகன் டிரம்ஸ் அடித்தான். கலஹாத் தோட்டத்திலிருந்து படிக்க வந்து, கண்டியில் போர்டிங்கில் இருந்தவன் கிட்டாரும் பாட்டும். யாழ்ப்பாணத்து உத்தியோகத்தரின் மகனான எனக்கு பேஸ் கிட்டார். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப மீட்டத்தான் எனக்குத் தெரியும். மச்சான் லண்டனிலிருந்து அனுப்பிய போஸ்ட்-பங்க் ராக் கசெட்டுகளில் அங்கேயும் அப்படித்தான் மீட்டுகிறார்கள் என்று கண்டதும் தைரியம் வந்துவிட்டது.

கல்யாண வீடுகளில் ஆடுவதற்குப் பைலாப் பாட்டுக் கேட்பார்கள். நாங்கள் மாட்டோம் என்று வீம்பு பிடித்தோம். ஆகவே யாரும் கூப்பிடவில்லை. பாடகனின் போர்டிங்கில் எந்தக் கறியென்றாலும் புளியை அள்ளிக் கொட்டுவார்கள். அந்தக் கடுப்பில் அவன் ஒரு பாட்டுக் கட்டினான். பாதிப் பாட்டு, "புளி, புளி" என்ற கத்தல் மட்டும். கடைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் அதைக் கசெட்டில் பதிந்தோம். கலஹா பஸ் சாரதி ஒருவருக்கு அது பிடித்துப்போக, கொஞ்ச நாளில் பேராதனை வரை எங்கள் கத்தல் கேட்டது. பஸ்ஸில் வந்த மாணவர்கள் கூடவே கத்தினார்கள். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பாடகனுக்கு மட்டும் ளகரத்துக்கு நாக்கு மடங்காது. அவன் வாயில் புளி எப்போதும் புலிதான். அதைச் சொல்லிச் சொல்லி அவனை ஓட்டுவோம்.

ஒருநாள் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தபோது கசெட் ஓடிக்கொண்டிருந்தது. தமிழே தெரியாத ஆமிக்காரனுக்கும் அந்த ஒரு சொல் தெரியும். சாரதியைக் கழுத்தில் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அதே பஸ்ஸில் இருந்த எங்கள் பாடகன் எழுந்து, பாடியது தான்தான் என்று சொல்லியிருக்கிறான். மடையன். சாரதியை விட்டுவிட்டு அவனையும் கசெட்டையும் கொண்டுபோய்ப் பொலிசில் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை. கேள்விப்பட்டதும் கெலிஓயாக் கடைக்கு ஓடினேன்.

டிரம்ஸ்காரனின் வாப்பாவோடு பொலிசுக்குப் போனோம். அவர் வாதாடவில்லை. கடையிலிருந்து கொண்டுவந்த புளிக்கட்டியை மேசையில் வைத்து, "மே சியம்பலா, மாத்தயா," என்றார். இது புளி, பாட்டு இதைப் பற்றித்தான் என்று சிங்களத்தில் விளக்கினார். அதிகாரி நம்பவில்லை. பாடகனைக் கூட்டிவரச் செய்து, புளியைக் காட்டி, இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டார்.

அவன் புளியைப் பார்த்து, "புலி," என்றான்.

செத்தோம் என்று நினைத்தேன். அதிகாரி கசெட்டைப் போட்டுக் கேட்டார். அச்சொட்டாக அதே சொல். திரும்பவும் சொல்லச் சொன்னார். அவன் திரும்பவும் புலி என்றான். அவர் சிரித்துவிட்டார். நாக்கை மடித்து ஒழுங்காகச் சொல்லியிருந்தானென்றால், கசெட்டில் இருப்பது வேறு சொல் என்று அவருக்குப் பட்டிருக்கும்.

பஸ் நிலையத்துக்கு நடந்து வரும்போது பாடகன், "போதும்டா. இனி பாட மாட்டேன்," என்றான்.

"நானும் இதத்தான் செல்ல இருந்த," என்றான் டிரம்ஸ்காரன்.

"ஓம், விடுவம்," என்றேன். எனக்கு அப்படியொரு நிம்மதி. பேண்டுக்காக ஒருவரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அவனைக் கலஹா பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஜன்னலோரம் கை கால் முழுசாக உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான்.