மிக் விமானத்துக்கு ஒரு கண்ணாடி மூடி

அந்தப் பார்சல் வந்தபோது நான் ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். என் கணவர் விமானப்படையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மிக்-21 போர் விமானங்களின் உடம்பைப் பழுதுபார்ப்பதுதான் அவர் வேலை. அந்த விமானங்களுக்கே ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்று செய்தியில் சொன்ன வருடம் அது. மகளுக்கு அது மனதில் தைத்திருக்க வேண்டும். அப்பா தன் கையாலேயே ஒன்றைச் செய்து மேஜைமேல் வைத்துக்கொள்ளட்டும் என்று, உறுப்பு உறுப்பாகப் பெட்டியில் வரும் மாதிரி விமானம் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து அனுப்பிவிட்டாள்.

அப்பாவுக்குக் கண்ணில் பிரஷர், சொட்டு மருந்து போடுகிறோம் என்பதுவரைதான் அவளுக்குத் தெரியும். மருந்தையும் மீறிப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிஞ்சியிருந்ததை நாங்கள் அவளிடம் சொல்லவில்லை. அவர் சொல்ல விடவில்லை.

பெட்டியை மடியில் வைத்துத் திறந்தார். பொடிப்பொடியான உறுப்புகள் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சட்டமாக எடுத்து விரலால் தடவினார். "இது ரெக்கை. இது வாலு. இது வீல் கதவு." எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி மூடி, "பீரோ மேல வெச்சிடு" என்றார்.

வைத்தேன். ஆனால் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டி என் கண்ணில் பட்டது. ஒரு மதியம், தைக்க வேலை அதிகம் இல்லாதபோது, அதை இறக்கித் தையல் மிஷின் பக்கத்தில் வைத்து, நூல் வெட்டும் கத்தரியால் முதல் துண்டைச் சட்டத்திலிருந்து நறுக்கினேன். ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மகள் வந்து கேட்டால் என்ன சொல்வது என்ற பயமாகவும் இருக்கலாம்.

அவர் கட்டிலில் படுத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்தார்.

"இன்னாமே நறுக்கினுகீற? துணி சத்தம் இல்லியே."

"உங்க ஏரோப்ளேனைத்தான்."

"உனுக்கு அதுல இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. படம் போட்ட பேப்பர் கீது. பாத்து ஒட்டறேன்."

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் ஒட்டியிருந்ததை வாங்கித் தடவிப் பார்த்தார். பைலட் உட்காரும் சீட். "இதுல பெல்ட்டு இல்லியே?"

"பெட்டியில குடுக்கலைங்க."

"பெல்ட்டு இல்லாம எவன் பறப்பான்?"

அங்கேதான் ஆரம்பித்தது. அவருடைய மாத்திரை அட்டையின் பின்பக்கத் தகட்டை உரித்து, நாடா போல மெலிதாக நறுக்கி, தோள்பட்டைக்கு இரண்டும் இடுப்புக்கு இரண்டும் வைத்தேன். பக்கிளுக்குக் கொக்கிக் கம்பியை வளைத்தேன். முழுசாக முடித்தாலும் அந்த விமானம் ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் நீளம்தான். அதற்குள் உட்காரும் சீட் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் நான் காலமெல்லாம் கொக்கியும் ஜரிகையுமாக இருந்தவள். விரலுக்கு அது புதிதில்லை.

அவர் கேட்கக் கேட்க வேலை கூடியது. பழைய இயர்ஃபோன் ஒயரைப் பிரித்து, உள்ளே இருந்த செம்பு இழையை மீட்டர் பலகைக்குப் பின்னால் ஒயராக ஓட்டினேன். சக்கரம் மடங்கும் குழிக்குள் எண்ணெய்க் குழாய்கள் வேண்டும் என்றார். "அது யாருக்குங்க தெரியப்போவுது?" என்றேன். "கவுத்துப் பாத்தா தெரியும்ல" என்றார். மூக்கின் முன்னால் ஈட்டிபோல நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்க்கு ஊசி மருந்து போடும் ஊசியை வெட்டி வைத்தோம். கைபட்டு அது இரண்டு தடவை கழன்று, இரண்டு தடவை ஒட்டினேன்.

நிறம்தான் பெரிய பாடாக இருந்தது. பைலட் அறையின் உட்புறம் என்ன நிறம் என்று கேட்டால், பச்சை என்றார். என்ன பச்சை? "ஒரு மாதிரி பச்சை. நீலம் கலந்தாப்ல." என் மிஷின் டிராயரில் இருந்த பிளவுஸ் துண்டுகளின் நிறத்தை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மயில் கழுத்து? இல்லை. கிளிப்பச்சை? இல்லவே இல்லை. ராமா கிரீன்?

"ராமா கிரீன்னா எது?"

"நம்ம நிச்சயதார்த்தத்துக்கு நான் கட்டியிருந்தேனே, அந்தப் பொடவை."

சிரித்தார். "அதேதான். அதுல கொஞ்சம் வெள்ளை ஊத்து. முத முதல்ல அந்தப் பொடவையைப் பாத்தப்பவே எனுக்கு காக்பிட் ஞாபகம்தான் வந்திச்சு. சொன்னா நீ கோவிச்சுக்குவியோன்னு சொல்லலை."

எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருடம் கழித்தாவது சொன்னாரே என்றுதான் இருந்தது. எங்கள் கல்யாணம் ஆன பிறகு பெரும்பாலான வருடங்கள் அவர் வடக்கே ஏதோ ஒரு தளத்திலும், நான் பட்டாபிராமில் மகளோடும் இருந்தோம். லீவில் வருவார், போவார். அங்கே என்ன செய்கிறார் என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. இப்போது ஏணியில் நின்று பைலட்டின் தோளுக்குப் பெல்ட் மாட்டிவிடுவது எப்படி, குளிரில் தகடு கையோடு ஒட்டிக்கொள்வது எப்படி, புறப்பட்ட விமானம் திரும்பி வரும்வரை எந்தச் சுவரோரம் உட்கார்ந்து டீ குடிப்பார்கள் என்றெல்லாம் நான் பசை தடவத் தடவச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்புறம் அந்த மூடியை நான் கெடுத்தேன்.

பைலட் தலைக்குமேல் வரும் கண்ணாடி மூடி அது. மெல்லிய பிளாஸ்டிக், உள்ளே இருப்பதெல்லாம் அதன் வழியாகத்தான் தெரியும். அதைப் பிடித்து வைக்க, ஒரே சொட்டில் ஒட்டும் பசையை ஓரத்தில் தொட்டேன். அந்தப் பசை காயும்போது புகை விடும் என்பது எனக்குத் தெரியாது. சற்று நேரத்தில் மூடி முழுக்கக் கஞ்சி ஆடை படிந்ததுபோல வெளுத்துவிட்டது. துணியால் துடைத்தேன், பற்பசை போட்டுத் தேய்த்தேன். இன்னும் மோசமானது. பெல்ட்டும் ஒயரும் ராமா கிரீனும் எல்லாம் அந்த வெள்ளைக்குப் பின்னால் மறைந்துபோயின.

"ஏன் சத்தத்தையே காணோம்?" என்றார் அவர்.

சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"இதுக்கா அழற? மூடுபனியில நின்னுகீதுன்னு நெனச்சிக்கோ."

வேறு மூடி மட்டும் தனியாக வாங்க வழி இல்லை. ஒரு வாரம் போல அந்த விமானத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். அப்போது பிளவுஸ் அளவு கொடுக்க ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். டீ கொடுத்தேன். குடிக்கும் முன்னால் வாய்க்குள் கைவிட்டு எதையோ கழற்றிச் சின்ன டப்பாவில் வைத்தாள். பல்லுக்குக் கம்பி போட்டுக் கழற்றிய பிறகு மாட்டிக்கொள்ளும் உறை. தண்ணீர் போலத் தெளிவாக, பல்லின் வளைவு அத்தனையையும் அப்படியே எடுத்திருந்தது. டீ ஆறும்வரை நான் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதை எங்க செய்யறாங்கம்மா?"

"பூந்தமல்லில ஒரு லேப்ல ஆன்ட்டி. ஏன்?"

மறுநாள் அந்த லேபுக்குக் கிளம்பத் தயாரானபோது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். நான் ஆடிப்போனேன். பார்வை போன பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் வாசல் தாண்டியதில்லை. புல்லட் ஓட்டிப்போன தெருவில் கோலை ஊன்றிப் போவதா என்பார். அன்றைக்குக் கோலை அவரே தேடி எடுத்து வைத்திருந்தார்.

"நீங்க எதுக்குங்க? நான் போயிட்டு வந்துடறேன்."

"மூடி எப்படி வளையணும்னு நீ சொல்லுவியா அவங்களுக்கு?"

ஆவடியில் பஸ் மாறி, பருத்திப்பட்டு வழியாகப் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் திரும்பும் ஒவ்வொரு திருப்பத்தையும் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு இடத்தில் தவறாகச் சொன்னார். நான் திருத்தவில்லை.

லேப் ஒரு சந்துக்குள் மாடியில் இருந்தது. நடத்துபவர் ஒரு பாய், எங்களைவிடக் கொஞ்சம் இளையவர். கையெல்லாம் மாவாக இருந்தது. நான் பஞ்சில் சுற்றியிருந்த மூடியைப் பிரித்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அக்கா, இது எந்தப் பல்லு?"

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விஷயத்தைச் சொன்னதும் பாய் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மூடியின் உள்ளே பல் அச்சு எடுக்கும் மாவை ஊற்றி இறுகவைத்து, அதே வடிவில் ஒரு கட்டி எடுத்தார். அதை உப்புத்தாளால் இழைத்து என் கணவர் கையில் கொடுத்தார்.

"சரியா கீதா பாருங்கண்ணே."

அவர் தடவினார். "பின்னாடி இன்னும் கொஞ்சம் இறங்கணும் பாய். பைலட் தலைக்குப் பின்னாடி சரிவு வரும்."

பாய் இழைத்தார், கொடுத்தார், மறுபடி இழைத்தார். பல் வைக்க வந்தவர் ஒருவர் தன் முறையை மறந்து பக்கத்தில் நின்று பார்த்தார். அப்புறம் மெஷினில் தெளிவான பிளாஸ்டிக் தாளை மாட்டி, அது சூட்டில் தொய்ந்ததும் கட்டியின்மேல் இறக்கினார். காற்றை உறிஞ்சியதும் தாள் அப்படியே கவ்விக்கொண்டது. முதல் தாளில் ஒரு குமிழி விழுந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை இறக்கினார். வெட்டி, ஓரம் தேய்த்து என்னிடம் நீட்டினார். பெட்டியில் வந்ததைவிட மெலிசு, அதைவிடத் தெளிவு.

கூலி வாங்க மாட்டேன் என்றார். "தெனமும் பல்லையே பாத்துனு கீறேன்க்கா. இன்னிக்கித்தான் வேற ஒண்ணு பாத்தேன். முடிச்சதும் போட்டோ அனுப்புங்க, போதும்."

மூடியை இந்தத் தடவை வெள்ளைப் பசையால் ஒட்டினேன். என் கணவர் சொன்னபடி வலப்பக்கமாகத் திறந்து நிற்கும்படி வைத்தேன். வெளி உடம்புக்கு வெள்ளி நிறம் அடித்தேன். எல்லாத் தகடும் ஒரே மாதிரி மினுக்கக்கூடாது என்றார். இன்ஜின் சூடு படும் வால்பக்கம் அடிப்பிடித்த பால் பாத்திரம் போலப் பழுப்பும் நீலமுமாக இருக்குமாம். கண் மையையும் மகள் விட்டுப்போன ஐ ஷேடோவையும் பஞ்சில் தொட்டு அந்தப் பழுப்பைக் கொண்டுவந்தேன்.

எல்லாம் முடிந்தது என்று நான் கை கழுவப்போனபோது அவர் கூப்பிட்டார்.

"இங்க ஒரு ஒட்டு வைக்கணும்." இடது இறக்கைக்குப் பின்னால், உடம்பின் பக்கவாட்டில் விரலை வைத்தார். "சின்னதா, சதுரமா. சுத்தி ஆணி."

"படத்துல இல்லியேங்க."

"படத்துல இருக்காது. நான் வெச்ச ஒட்டு அது. பறவை மோதித் தகடு கிழிஞ்சிட்ச்சு. மறுநாள் காலையில பறக்கணும்னு சொல்லிட்டாங்க. பகல் பூரா அடிச்சினு இருந்தேன். சாயந்தரம்தான் ஆபீஸ்ல கூப்ட்டு சேதி சொன்னாங்க, பொண்ணு பொறந்திருக்குன்னு."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆவடி ஆஸ்பத்திரியில் வலியோடு கிடந்த அந்தப் பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்த மனுஷன் எங்கே இருக்கிறாரோ, என்ன செய்கிறாரோ என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. என்ன செய்துகொண்டிருந்தார் என்று இப்போதுதான் தெரிந்தது. மாத்திரைத் தகட்டில் ஒரு சதுரம் வெட்டி, ஓரமெல்லாம் ஊசி முனையால் புள்ளி வைத்து, அவர் விரல் காட்டிய இடத்தில் ஒட்டினேன்.

பொங்கலுக்கு மகள் வந்தாள். விமானத்தைப் பார்த்ததும் "ப்பா, செமயா செஞ்சிருக்கீங்க!" என்று கத்தினாள்.

"நான் இல்ல. உங்கம்மா" என்றார். "எனுக்குத்தான் கண்ணு போயிடுச்சே."

அவ்வளவு நாள் சொல்ல விடாத விஷயத்தை அவர் அப்படிச் சாதாரணமாகச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் அவள் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை விமானத்தின் பக்கவாட்டில் கொண்டுபோய் வைத்தார்.

"இன்னா தட்டுப்படுது?"

"ஏதோ மேடா கீதுப்பா. குத்துற மாதிரி புள்ளி புள்ளியா."

"அது உன் பொறந்த நாளு" என்று ஆரம்பித்தார்.

நான் சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன். அவர் சொல்வது அங்கேயும் கேட்டது. கதையை எனக்குச் சொன்னதைவிட நன்றாகவே சொன்னார். அந்தப் பெட்டியை அனுப்பிய மகளுக்கும், கூலி வாங்காத அந்தப் பாய்க்கும், என் முன்னால் வாயைத் திறந்து உறையைக் கழற்றிய அந்தப் பெண்ணுக்கும் மனதுக்குள் நன்றி சொன்னேன். பால் பொங்கி வந்தது. மூன்று டம்ளர் எடுத்தேன்.