ரொட்டியில் பதிந்த பல்தடம்

ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு ஃபிஜியை விட்டுக் கிளம்புகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களுமாக நாடி விமான நிலையமே அழுதுகொண்டிருந்தது. எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி, "இது நீங்க இல்லையே" என்று இந்தியில் சொல்லிவிட்டார். அப்படி ஒரு பாராட்டை நான் அதுவரை கேட்டதில்லை. படத்தில் இருந்தது, பள்ளியில் எல்லோரும் மண்வெட்டி என்று கூப்பிட்ட பழைய தாடை.

"அதை சுவா ஆஸ்பத்திரியில அறுத்து உள்ள தள்ளிட்டாங்க" என்றேன். புருவத்து மச்சத்தை ஒத்துப் பார்த்து முத்திரை குத்தினார்.

முன்பெல்லாம் என் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்பக்கம் சேரவே சேராது. ரொட்டியைப் பிய்த்துக் கடைவாயில் போட்டு மென்றால் காதடி விண்விண்ணென்று தெறிக்கும். அறுவைக்குப் பிறகு மாதக்கணக்கில் கஞ்சிதான். இனி கடித்துத் தின்னலாம் என்று டாக்டர் சொன்னது அந்த வாரம்தான்.

விமானம் மேலே ஏறியதும், அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியைச் சுருட்டி, பிய்க்காமல் முன்பல்லால் கடித்தேன். வலிக்கவே இல்லை. ரொட்டியில் அரைவட்டமாக, அழகாக, என் பல்தடம்.

"அம்மா, இங்க பாரேன்" என்று திரும்பினேன். பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.