கோபுரமாக அளந்த மணல்

நடந்தது இதுதான்:

1. தளம் போடுவதற்கு முதல் நாள், மாதிரிக்காக ஒரு மூட்டை சிமெண்டுக்கு மட்டும் கலவை போட்டுப் பார்த்தோம்.
2. இரும்புத் தகட்டின் மேல் மணலையும் சிமெண்டையும் காய்ந்தபடியே மூன்று முறை புரட்டினோம். ஜல்லி சேர்த்தோம். மண்ணெண்ணெய் டின்னில் ஒன்றரை டின் தண்ணீர் விட்டோம். எல்லாம் புத்தகப்படி.
3. கலவை பொரிமாவு மாதிரி உதிர்ந்தது.
4. அதை ஸ்லம்ப் கோனில் போட்டு இடித்தேன். ஸ்லம்ப் கோன் என்பது மேலும் கீழும் திறந்த, கூம்பு வடிவ இரும்பு டப்பா. அதைத் தூக்கிவிட்டால் கலவை எவ்வளவு தாழ்ந்து உட்காருகிறது என்று அளக்கலாம்.
5. தூக்கினேன். கலவை தாழவில்லை. பக்கவாட்டில் சரிந்து, பார்வையிட வந்திருந்த ஏ.இ. (உதவிப் பொறியாளர்) சாரின் ஷூ மேல் விழுந்தது.
6. ஏ.இ. சார் ஷூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஷூவைப் பார்த்தார்.
7. "ஏம்மா, ட்ராயிங் ஹால்ல உன் ஸ்டூல் இன்னும் காலியாத்தான் இருக்கு. நாளைக்கும் இதே கதைன்னா திங்கட்கிழமை வந்து உட்கார்ந்துக்க" என்றார்.

அந்த ஸ்டூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவில் டிப்ளமோ முடித்துத் தருமபுரி ஆபீசில் சேர்ந்த பிறகு, மற்றவர்கள் கட்டிய கட்டடங்களை இரண்டு வருடம் அதன் மேல் உட்கார்ந்துதான் டிரேசிங் எடுத்தேன். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. கேட்டுக் கேட்டுத்தான் சைட் வேலை கிடைத்தது. கம்பைநல்லூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊரில், பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு அறை. கூரைத் தளம் போடுவது என் பொறுப்பில் அதுதான் முதல் தடவை.

தப்பு எங்கே

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்காகச் சொல்கிறேன். கான்கிரீட்டில் நான்கே பொருள்: சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர். ஜல்லிக்கு நடுவே உள்ள இடைவெளியை மணல் அடைக்கும். மணலுக்கு நடுவே உள்ள இடைவெளியை சிமெண்ட் அடைக்கும். தளத்துக்கு ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு. அதாவது ஒரு பெட்டி சிமெண்ட், இரண்டு பெட்டி மணல், நாலு பெட்டி முக்கால் அங்குல ஜல்லி. அஸ்திவாரத்துக்கு அடியில் போடுவது ஒன்றுக்கு நாலுக்கு எட்டு. தண்ணீர்த் தொட்டி என்றால் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. அளக்கிற மரப்பெட்டி ஒன்று சரியாக ஒரு மூட்டை சிமெண்ட் கொள்ளும். ஆகவே பெட்டிதான் எல்லாம்.

என் பெட்டியில் தப்பில்லை. நானே ஆசாரியிடம் நின்று செய்தது. தப்பு அதை அளந்த ஆளிடம் இருந்தது.

அவர் பெயர் சவரிமுத்து. அந்த ஊரில் கேழ்வரகானாலும் நெல்லானாலும் களத்தில் அளப்பது அவர்தான். வள்ளத்தில் கோபுரமாகக் குவித்து, அதற்கு மேலும் ஒரு கை அள்ளிப் போட்டுத்தான் அடுத்த வள்ளத்துக்குப் போவார். அப்படி அளப்பதில் அவருக்கு ஊரில் பெரிய பேர். எங்கள் சைட் மேஸ்திரி முனியப்பன் அதைக் கேள்விப்பட்டு, "கை சுத்தமான ஆளுங்க" என்று அவரையே பெட்டிக்குப் போட்டிருந்தார்.

கை சுத்தம்தான். சிமெண்ட் மூட்டையை அவர் தொடுவதில்லை. மணலையும் ஜல்லியையும் மட்டும் கோபுரமாக அளந்து, மேலே ஒரு மண்வெட்டி கொசுறும் போட்டிருக்கிறார். ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்பது கிட்டத்தட்ட ஒன்றுக்கு மூன்றுக்கு ஐந்தரை ஆகிவிட்டது.

"அண்ணா, பெட்டியைத் தலை தட்டி அளக்கணும். விளிம்புக்கு மேல ஒரு பருக்கை இருக்கக் கூடாது" என்றேன்.

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "ஓவர்சீயரம்மா, பள்ளிக்கூடமுங்க இது. புள்ளைங்க உக்கார்ற எடம். இதுக்குப் போயி தலை தட்டி அளக்கச் சொல்றீங்களே" என்றார்.

"மணல் அதிகமானா தளம் ஒழுகும்."

"குடுக்கறது அதிகமானா எப்படிங்க கெட்டுப் போகும்?"

நான் செய்து பார்த்தவை:

அ) பெட்டியின் உள்பக்கம் இரண்டு அங்குலம் கீழே சுண்ணாம்பால் கோடு போட்டு, அதுவரை போதும் என்றேன்; அவர் கொசுறோடு சேர்த்தால் விளிம்புக்குச் சரியாக வரும் என்று கணக்கு. கோட்டை மூடிவிட்டு, "எங்கீங்க கோடு?" என்று தேடினார்.

ஆ) தலை தட்ட ஒரு கட்டை கொடுத்தேன். அந்தக் கட்டையால் கோபுரத்தை நாலு பக்கமும் தட்டி இறுக்கினார். இன்னும் ஒரு சட்டி கூடுதலாகப் பிடித்தது.

இ) கணக்குப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ஒண்ணுக்கு நாலுக்கு எட்டு நல்லா இருக்குதுங்களே, அதைப் போட்டுக்கலாங்களா?" என்றார்.

சித்தாள்களில் ஒருவர் ஆரோக்கியம். சவரிமுத்துவின் மனைவி. அதுவரை சட்டியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தவர், "வூட்டுல எனக்கு அரிசி அளந்து குடுக்கச் சொல்லுங்க, கட்டையே வேணாம். வெரலாலயே வழிச்சுருவாரு. ஊரு பாக்குதுன்னாத்தான் கோபுரம்" என்றார்.

மற்ற பெண்கள் சிரித்தார்கள். சவரிமுத்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "பொம்பளைங்க பேசற எடமா இது" என்றார். பிறகுதான் நானும் அங்கே நிற்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "உங்களைச் சொல்லலீங்க" என்றார்.

தண்ணீர் இன்சார்ஜ்

அவரை நிறுத்திவிடுவது சுலபம். ஆனால் ஊர் முன்னால் பெட்டியைப் பிடுங்கினால் மறுநாள் ஒரு ஆள்கூட வேலைக்கு வராது. ஆள் வராவிட்டால் தளம் இல்லை. தளம் இல்லாவிட்டால் ஸ்டூல்.

கான்கிரீட் வேலையில் அளவுக்கு மீறிக் கொடுத்தாலும் கெடுதல் இல்லாத பொருள் எது என்று யோசித்தேன். சிமெண்ட் இல்லை, கம்பி இல்லை. கலவையில் விடும் தண்ணீரும் இல்லை. அது கூடினால் பலம் போய்விடும். ஒன்றே ஒன்று மிஞ்சியது: தளம் இறுகிய பிறகு மேலே தேக்கி வைக்கும் தண்ணீர். க்யூரிங்.

"அண்ணா, நாளைக்குப் பெட்டி உங்களுக்கு வேண்டாம். நாளன்னைக்கிலிருந்து தளத்துக்குத் தண்ணி காட்டறது முழுக்க உங்க பொறுப்பு. அதுல தளம் பொழைக்கிறதும் போறதும் இருக்கு."

"எத்தனை கொடமுங்க?"

"அதுக்கு அளவே கிடையாது."

"அளவே கிடையாதுங்களா?"

"கிடையாது."

அன்றுதான் அவர் முதல் தடவையாக என்னை நல்ல குடும்பத்துப் பெண்ணாகப் பார்த்தார். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றார்.

மறுநாள் பெட்டி ஆரோக்கியத்திடம் போனது. ஊரிலேயே கறாரான கை. ஒவ்வொரு பெட்டியையும் கட்டையால் வழித்தது மட்டுமில்லாமல், வழிந்த மணலைத் துடைப்பத்தால் கூட்டிக் குவியலிலேயே சேர்த்தார். கோன் தூக்கியபோது கலவை மூன்று அங்குலம் தாழ்ந்து, சரியாமல் பணிவாக உட்கார்ந்தது. சாயங்காலத்துக்குள் தளம் முடிந்தது. ஏ.இ. சார் அன்று வரவில்லை. "சென்ட்ரிங் பலகை பிரிக்கிற அன்னைக்கு வர்றேன், ஒழுகுதா பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஸ்டூல் அப்படியே காத்திருந்தது.

மேலே நடந்தது

தண்ணீர் ஓடிவிடாமல் இருக்கத் தளத்தின் மேல் களிமண்ணால் சின்ன வரப்புக் கட்டிப் பாத்தி பிரிக்க வேண்டும். சவரிமுத்து தன் கொல்லையிலிருந்தே மண் கொண்டு வந்தார். சொந்த நிலத்தில்கூட அப்படி வரப்புப் போட்டிருக்க மாட்டார். தண்ணீர் ததும்பியது. சுவரில் வழிந்தது. தவளை வந்தது.

இரண்டாம் வாரம் ஏணியில் ஏறிப் பார்த்தால் வரப்பெல்லாம் பச்சை. கேழ்வரகு.

"இது என்னண்ணா?"

"மண்ணுல கெடந்த வெதைங்க. தானா மொளைச்சுக்கிச்சு."

தானாக முளைத்தது வரிசையாக முளைத்திருந்தது. பிடுங்கச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நாற்று வாடக் கூடாது என்பதற்காகவாவது தண்ணீர் ஒரு வேளையும் தவறாது என்று தோன்றியது. விட்டுவிட்டேன். பதினாலு நாளில் முடிய வேண்டிய க்யூரிங், நாற்று தயாராகவில்லை என்பதால் மேலும் ஒரு வாரம் நடந்தது.

ஏ.இ. சார் புது ஷூ போட்டுக்கொண்டு வந்தார். நேராக ஏணியில் ஏறினார். முதல் அடியே பாத்திக்குள். தவளை குதித்தது. அவர் அப்படியே நின்று, அந்தக் கோடி முதல் இந்தக் கோடி வரை பார்த்தார்.

"ஏம்மா, அறுவடை எப்போ?"

நான் பதில் சொல்வதற்குள் சவரிமுத்து, "இது நாத்துங்க சார். புடுங்கி நடணும். இங்கயே வுட்டா கதிர் புடிக்காது" என்றார்.

ஏ.இ. சார் கீழே இறங்கினார். தளத்தைத் தாங்கி நின்ற சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கச் சொன்னார். அண்ணாந்து பார்த்தார். மேலே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. கீழே ஒரு ஈரத் திட்டு இல்லை, ஓட்டை இல்லை, கம்பி தெரியவில்லை. சுத்தியலால் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டினார். கணீர் என்றது. இன்னொரு தடவை தட்டினார், வேறு மாதிரிக் கேட்காதா என்று. பிறகு சுத்தியலை என்னிடம் கொடுத்தார்.

"ஒழுகலை" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக. ஜீப்பில் ஏறும்போது, "அந்த ஸ்டூலை ஸ்டோருக்கு அனுப்பிடச் சொல்றேன்" என்றார்.

ஆரோக்கியம் சட்டியைத் தட்டிக்கொண்டே, "அளந்தது நானு. பேரு தண்ணி ஊத்துனவருக்கு" என்றார்.

இப்போதைய நிலவரம்: அந்த அறையில் பிள்ளைகள் படிக்கிறார்கள். மழைக்கு ஒழுகியதில்லை. ஸ்டூல் மேல் ஏறி நின்றுதான் இப்போது ஆபீசில் பல்பு மாற்றுகிறார்கள். நான் பொம்மிடிப் பக்கம் ஒரு கல்வெர்ட், அதாவது சிறு பாலம், கட்டும் வேலையில் இருக்கிறேன். ஆரோக்கியம் இங்கே பெட்டிக்கு வந்திருக்கிறார். சவரிமுத்துவும் கூட வந்திருக்கிறார். பெட்டி அவரிடம் கொடுக்கப்படவில்லை. கல்வெர்ட் தளம் அடுத்த வாரம். மேலே வரப்புக்கான மண்ணை அவர் ஏற்கெனவே கொண்டுவந்து குவித்துவிட்டார், கோபுரமாக.