மெத்வல்லி மேஸ்திரி சொல்லாத சொல்

நாற்காலியை இழுத்துப் போடுவதற்கு முன்னால் பக்கத்துத் தூணில் விரல் முட்டியால் மூன்று தட்டு. பிறகு வலது காதை அதில் ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்கிறார். டீக்கடை சுப்ஹி தட்டோடு காத்து நிற்கிறார். அவருக்கு இது பழகிவிட்டது.

"என்ன மேஸ்திரி, நம்மாளுக்குக் காய்ச்சல் இருக்கா?"

"உப்பு தின்னிருக்கான்யா. உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதிப் போச்சு. ஆனா நிப்பான். இன்னும் கொஞ்ச நாள் நிப்பான்."

"நமக்கு மட்டும் என்ன வாழுது!" என்று சுப்ஹி டீயை வைக்கிறார். கடல் இரண்டு தெரு தள்ளித்தான். அலெக்சாந்திரியாவில் உப்பு தின்னாத தூணும் இல்லை, மனுசனும் இல்லை.

மெத்வல்லிக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருடம் கான்கிரீட் உடைக்கும் மிஷினைப் பிடித்த கை. டீ கிளாஸை இரண்டு கையாலும் ஏந்தினால்தான் சிந்தாமல் வாய்க்குப் போகும். இடது காது அந்த மிஷினுக்கே போய்விட்டது. "கட்டுறவன் ஊருக்கு நூறு பேரு. பக்கத்துச் செவுத்துல கீறல் விழாம உடைக்கிறவன் நான் ஒருத்தன்" என்று ஒரு காலத்தில் பீற்றிக்கொண்டவர்தான்.

அவர் வாயில் 'தூண்' என்ற சொல் வராது. 'நிக்கிறவன்' என்றுதான் சொல்வார். அவர்கள் பேசும் அரபியில் செய்தித்தாளின் பத்திக்கும் அதே சொல்தான். ஆகவே சுப்ஹியிடம், "ஓரமா நீளமா எழுதியிருக்கானே, அதைப் படி" என்பார். வெள்ளிக்கிழமை பிரசங்கத்தில் தொழுகையை மார்க்கத்தின் தூண் என்று இமாம் சொல்லும்போது, மெத்வல்லி குனிந்து பாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் கல்யாணச் சாமான் கடை வந்தது. கடை நடுவில் ஒரு தூண். "கட்டில் முழுசா ரோட்டுக்குத் தெரியணும் மேஸ்திரி, இது மறைக்குது" என்றார் கடைக்காரர். எஞ்சினியர் காகிதம் இருக்கிறதா என்று மெத்வல்லி கேட்கத்தான் செய்தார். காட்டினார்கள். படிப்பு அவ்வளவாக வராது. நீல முத்திரையைப் பார்த்தார், மிஷினைப் போட்டார். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து ரொட்டியும் அவரைக் கூட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

நாலு மாதம் கழித்து, குளிர்காலப் புயலடித்த ஒரு காலையில் ஏழு மாடியும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பதினொரு பேர். முத்திரை பொய் முத்திரை. கடைக்காரரும் கட்டட முதலாளியும் ஜெயிலுக்குப் போனார்கள். மெத்வல்லியைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டார்கள். "இவர் வெறும் கைதான், ஐயா" என்றார் வக்கீல். அத்தோடு அவரை அனுப்பிவிட்டார்கள்.

துக்கப் பந்தல் ஒன்று விடாமல் போனார். மூன்றாவது பந்தலில், செத்தவருடைய அண்ணன் இவர் யாரென்று தெரியாமல் இரண்டு கையையும் பற்றிக்கொண்டார். "வீட்டுக்கே தூணா இருந்தான்யா. தூணே போச்சேய்யா." அவர் பற்றியிருந்தது மிஷினைப் பிடித்த அந்தக் கையை. "அவரோட மிச்ச ஆயுசு உங்களுக்கு இருக்கட்டும்" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டு, சர்க்கரை போடாத காப்பியை அங்கேயே குடித்துவிட்டு வந்தார். அன்றைக்கு நின்றது அந்தச் சொல்லும் மிஷினும்.

போன மாதம் மகள் நஜ்லா குடியிருக்கும் கட்டடத்தில் கீழே செல்போன் கடை வருகிறது என்று கேள்விப்பட்டார். நடுத்தூணை எடுக்கப் போகிறார்கள். குடியிருப்போர் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று; லிஃப்டைச் சரிபண்ணித் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார். மருமகன் ஹில்மியும் போட்டிருந்தான். "நாலு மாடி ஏறி இறங்கி உங்க பொண்ணுக்கு முட்டி தேயுது, மாமா."

வட்டார அலுவலகத்துக்குப் போனார். குமாஸ்தா தலையைத் தூக்கவில்லை.

"ஏதாவது விழுந்திருக்கா?"

"இன்னும் விழலைங்க."

"விழாததுக்கு என்ன புகார், பெரியவரே?"

நேரே அந்தச் செல்போன் கடைக்குப் போனார். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் கான்கிரீட் அறுக்கும் ரம்பத்துக்குத் தண்ணீர்க் குழாயை மாட்டிக்கொண்டிருந்தான். வேலை தெரிந்தவன், கோடு நேராகப் போட்டிருந்தான்.

"தம்பி, வேணாம்பா. நான் ஒண்ணை எடுத்தவன். சொல்றேன், கேளு."

"எஞ்சினியர் காகிதம் இருக்கு சித்தப்பா. பாக்குறீங்களா?"

மெத்வல்லி பார்க்கவில்லை. மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறினார். நஜ்லா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கிளம்பும்மா. நம்ம வீட்டுக்குப் போயிரலாம். அந்தக் கல்யாணச் சாமான் கடை... அதை எடுத்தது நான்தாம்மா."

"தெரியும்ப்பா."

"எப்போலேருந்து?"

"அப்பவே. அம்மா சொல்லிட்டுத்தான் செத்தா." கீரையை முறத்தில் போட்டாள். "உங்க வீடு மட்டும் என்ன இரும்புலயா கட்டியிருக்கு? அஞ்சு உசுரு அந்த ஒத்தை ரூம்ல எங்கப்பா படுக்கிறது? இந்த ஊர்ல எவன் வீட்டுல எவன் நிம்மதியாத் தூங்குறான்?"

கீழே ரம்பம் ஓட ஆரம்பித்தது. மெத்வல்லி உள்ளங்கையைத் தரையில் வைத்துக்கொண்டு, அது நிற்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அதிர்வு கையிலிருந்து வருகிறதா தரையிலிருந்து வருகிறதா என்று அவருக்கே தெரியவில்லை.

இப்போது அங்கே கண்ணாடி அலமாரி, கலர் விளக்கு. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. கட்டடம் நிற்கிறது. குளிர்காலத்துக்கு ஏழு வாரம் இருக்கிறது.

தினமும் காலையில் மகள் வீட்டுக்குப் போகிறார். வெறுங்கையோடு திரும்புவதில்லை. முதல் நாள் ஓடாத தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அடுத்தடுத்து பழைய பேட்டரி, உடைந்த சலவைத் தொட்டி, பால்கனி மண்தொட்டிகள். நேற்று அடுக்களையிலிருந்த பித்தளை உரலைத் தூக்கினார்.

"அப்பா, அது எனக்கு வேணும்ப்பா. பூண்டு எதுல இடிக்கிறது?"

"நான் இடிச்சுக் கொண்டாந்து தரேம்மா. மேல பாரம் குறையட்டும்."

உரலை மார்போடு அணைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, தூங்கும் குழந்தையைத் தாண்டிப் போகிறவரைப்போல, ஒவ்வொரு படியிலும் முதலில் விரலை ஊன்றி, பிறகு குதிகாலை மெல்ல வைத்து, நாலு மாடியும் இறங்கினார்.