பாபின் டப்பாவில் வைத்திருந்த மாத்திரை

புதியம்புத்தூரில் நான் தைக்கப் போகும் கம்பெனியில் யாருக்கு இடுப்பு வலித்தாலும் என்னிடம்தான் வருவார்கள். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரைகளை என் பாபின் டப்பாவில் வைத்திருப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு!

பக்கத்து மிஷின் ஜெசிந்தா அக்காவுக்குத் தினமும் ஒன்று கொடுத்தேன். தவக்காலம் வந்தது. அக்கா ஒருசந்தி பிடித்தாள். மத்தியானம் வரை வெறும் தண்ணீர்தான்.

"மாத்திரை என்ன சாப்பாடாக்கா? சும்மா போடுங்க" என்று தீர்ப்புச் சொன்னவள் நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, தைத்துக்கொண்டிருந்த நைட்டி மேலேயே காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்துச் சாய்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சீறினார். "இரைப்பை புண்ணாகி ரத்தம் கசியுது. வலி மாத்திரையைத் தினமும் முழுங்குனா, சோறு தின்னவங்களுக்கே புண்ணாகும். இதை யாரும்மா கொடுத்தது?"

நான் மெல்ல அக்காவின் கட்டிலுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"நானாத்தாம்மா கடையில வாங்குனேன்" என்றாள் அக்கா.

ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தவள், உட்கார்ந்ததும் என் டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, இன்னைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் வந்திருக்கேன். ஒண்ணு தா."

எரிச்சலில் கத்த வாயெடுத்தேன். யாரைத் திட்டுவது? கேட்கப் பழக்கியவளே நான்தானே.